கானா ஆனா ஏனா லேன்

"…அதனாலதான் சொல்றேன் மாத்தயா, நீங்க யோசிக்காம எழுதிக்குங்க. அந்த நாலு எழுத்துல மூணு எங்க பாட்டனோட விலாசம். கானா, ஆனா, ஏனா. கடைசியில இருக்கிறது பிள்ளையார் சுழி" என்று பெரியப்பா, கடை வாசலுக்கு மேலே இருந்த கருங்கல்லைக் காட்டி விரலை நீட்டினார். கண்டி நகரத்தின் பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்க வந்த சிங்கள அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அவருக்கு மொழிபெயர்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அண்ணாந்து பார்த்தார். எதிர்க்கடையில் தைத்துக்கொண்டிருந்த முஸ்லிம் அண்ணன், லேனே நானா என்று கூப்பிடுகிறவர், மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நானும் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

கல்லில் இருந்தது இவ்வளவுதான்: க அ எ உ.

விலாசம் என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் கடிதம் போடுகிற முகவரி என்று நினைப்பார்கள். எங்கள் கடைத்தெருவில் விலாசம் என்பது ஆளின் பெயருக்குப் பதிலாக நிற்கிற முதலெழுத்துகள். முழுப் பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. சீனா மூனா வந்தார், ஆனா ரூனா போனார் என்றுதான் பேச்சு. அந்த வழக்கப்படி கல்லில் இருந்த க, அ, எ மூன்றையும் கானா ஆனா ஏனா என்று படித்து, அதுவே கடைக்குப் பெயராகி, கடையின் பெயரே லேனுக்கும் பெயராகிவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று கானா ஆனா ஏனா லேன் எங்கே என்று கேட்டால் தமிழ் ஆட்கள் எல்லோரும் கை காட்டுவார்கள். சிங்கள ஆட்கள் எங்கள் கடையை வைத்து ‘பித்தல பாற’ என்பார்கள். பித்தளைத் தெருவாம். அதுவும் பொய்யில்லை.

பெரியப்பாவுடையது பித்தளைப் பாத்திரக்கடை. ஹந்தானையிலிருந்தும் அம்பிட்டியவிலிருந்தும் கல்யாணச் சீர் எடுக்க வருகிறவர்கள் குடமோ குத்துவிளக்கோ வாங்கினால், அதில் பெண்ணின் பெயரைச் சின்ன உளியால் வெட்டிக் கொடுப்பார். எழுத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு தட்டு, ஒரு திருப்பு. புள்ளி கூடப் பிசகாது. அப்படிப்பட்டவருக்கு அந்தக் கல் எழுத்தின் மேல் ஒரு கர்வம் இருந்ததில் வியப்பில்லை. பாட்டன் இந்தியாவிலிருந்து தலைச்சுமையாகப் பித்தளையைக் கொண்டுவந்து, மன்னார்க் காட்டு வழியே நடந்து கண்டி சேர்ந்து, இந்தக் கடைவரிசையைத் தன் கண் முன்னால் கட்டவைத்து, தன் விலாசத்தைக் கல்லில் பொறித்தார் என்பது பெரியப்பா சொல்லும் கதை. கோயில் தேர் வடம் பிடிக்குமுன் "கானா ஆனா ஏனா வீட்டாரு வந்தாச்சா?" என்று கேட்பார்கள். பெரியப்பா கொஞ்சம் தாமதித்துத்தான் போவார். கேட்கவேண்டும் அல்லவா!

கதையில் ஓர் ஓட்டை இருந்தது. கானா கருப்பண்ணன், ஆனா அழகப்பன், சரி. ஏனாவுக்கு என்ன பெயர்? ஒரு வருஷம் ஏழுமலை என்பார், மறு வருஷம் ஏகாம்பரம் என்பார். "அது ஏழுமலையுமில்ல ஏகாம்பரமுமில்ல. எவன் கண்டான்! அதுதான் அந்த ஏனா" என்று நானா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சிரிப்பார். பெரியப்பா அசையமாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஏணி வைத்து ஏறி, அந்தக் கடைசி எழுத்துக்கு, அதாவது பிள்ளையார் சுழிக்கு மட்டும், சந்தனமும் குங்குமமும் வைப்பார். மற்ற மூன்றும் பாட்டன்தானே, வீட்டு ஆள். சாமிக்குத்தான் பொட்டு.

அன்று அதிகாரிக்கு இந்தக் கதை எதுவும் உதவவில்லை. கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார், அதிகாரி சிங்களத்தில் கேட்டார், கிளாக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. பாட்டன்ட பேர் மட்டும் காணாதாம். வருசம் வேணுமாம். கட்டின வருசம். கட்டடத்துச் சொந்தக்காரர் தந்த கடுதாசியில, இந்த வரிசை தன்ர தகப்பன் காலத்தில கட்டினதெண்டு கிடக்குது. அப்பிடியெண்டா இது பழங்கட்டடம் இல்லை, பட்டியலில சேராது."

"கானா ஆனா ஏனா காணாதாமே!" என்றார் நானா. யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கடைவரிசையின் சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். ஆறு கடை, ஒரே ஓட்டுக்கூரை, மேலே நாங்கள் குடியிருந்த அறைகள், அறைகளுக்கு முன்னால் தெருவைப் பார்த்த மரப் பல்கனி. இத்தனையையும் இடித்துவிட்டு நாலு மாடி சீமெந்துக் கட்டடம் எழுப்ப அவர் ஆள் பிடித்திருந்தார். பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு ஓட்டைக்கூடக் கழற்றமுடியாது. ஏறாவிட்டால் அடுத்த மழைக்கு முன் நாங்கள் ஆறு குடும்பமும் மூட்டை கட்டவேண்டும். அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை மறுபடியும் வருவதாகவும், அன்றோடு நகரத்தின் இந்தப் பக்கத்துப் பட்டியலை மூடிவிடுவதாகவும் அதிகாரி சொல்லிப்போனார்.

பெரியப்பா கட்டிலுக்கடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தார். அதற்குள் என்னதான் இல்லை! கூப்பன் புத்தகம், பிறப்பத்தாட்சி, பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட கடுதாசிகளின் நகல், திரும்பி வந்த மனு, திரும்பத் திரும்பப் போட்ட மனு. ஒவ்வொன்றாக விரித்தார், மடித்தார். ‘உமது மூதாதையர் இலங்கைக்கு வந்த ஆண்டு’ என்று ஒரு கேள்வி எல்லா மனுவிலும் இருந்தது. அதற்கு நேரே எல்லாவற்றிலும் ஒரு கோடுதான் போட்டிருந்தது. அதை நான் அப்போது பார்த்தேன். கோடு நேராக இருந்தது என்பது மட்டும்தான் என் மனதில் பட்டது. பெரியப்பா கை அல்லவா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரியம்மா விளக்கேற்றிவிட்டு என்னைப் பாட உட்காரவைத்தார். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டை போன பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். பாட்டை நான் படிக்கவேண்டும், பக்கத்தை அவர் எடுத்துத் தருவார். எழுத்துத் தெரியாதவர் பக்கத்தை எப்படி எடுக்கிறார் என்று நான் யோசித்ததேயில்லை. அன்று அவர் கையில் சந்தனம். "நீயே எடு புள்ள, எழுபத்திரண்டாம் பக்கம்" என்றார்.

நான் புரட்டினேன். இலக்கம் எதையும் காணோம். பக்கத்தின் தலையில் ஏதோ எழுத்துகள்தான் இருந்தன. ஒரு பக்கத்தில் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"பெரியம்மா, இங்க பாருங்க! நம்ம கல்லுல இருக்கிறது இதுல இருக்கு. ஏனா, பிள்ளையார் சுழி!"

பெரியம்மா எட்டிப் பார்த்தார். "அடி கூறுகெட்டவளே, அதுதாண்டி எழுபத்திரண்டு. நம்ம பழைய இலக்கம். எங்கம்மா எனக்கு எழுத்துச் சொல்லித் தரல, இலக்கம் மட்டுந்தான் சொல்லித் தந்துச்சு. ஏனா மாதிரி இருக்கிறது ஏழு. சுழி மாதிரி இருக்கிறது ரெண்டு."

"அப்ப கானா?"

"ஒண்ணு."

"ஆனா?"

"எட்டு" என்றவர் அப்படியே நின்றார். சந்தனக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். முகவாயெல்லாம் சந்தனம்.

ஒன்று, எட்டு, ஏழு, இரண்டு. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் லேனில் பிள்ளையார் இரண்டாக முடிந்திருந்தார்.

இத்தனை வருஷம் அந்தக் கல்லுக்குக் கீழே போய்வந்த பெரியம்மா ஏன் இதைப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தாலி கட்டுனவரு பேரையே நான் வாய் விட்டுச் சொன்னதில்ல. அவரோட பாட்டன் பேரை அண்ணாந்து பார்ப்பேனா?" என்றார். மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டே முப்பது வருஷமாக அந்த வருஷத்தைக் கடந்துபோயிருக்கிறார் மனுஷி.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கீழே ஓடிச் சொல்லப் பறந்தேன். பெரியம்மா என் பாவாடையைப் பிடித்துவிட்டார். "வாயைத் திறந்த, பிச்சுப்புடுவேன். கடைக்கு அதுதான் பேரு, போர்டுல அதுதான் பேரு, தேருக்கு முன்னால அவரை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. அது பாட்டன் பேரே இல்லைன்னு பத்து வயசுப் புள்ள போய்ச் சொன்னா அவரு எங்க போய் நிப்பாரு?"

"அப்ப கடையை இடிச்சிடுவாங்களே?"

பெரியம்மா என் பாவாடையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். சனிக்கிழமை ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னால் முடியவில்லை. பெரியப்பா கடைக்குள் சப்பணமிட்டு, ஹந்தானையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்காகக் குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். சொல்லக்கூடாது என்றுதானே சொன்னார்கள், கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

"பெரியப்பா, பிள்ளையார் சுழியைக் கடைசியில போடலாமா?"

"எந்த மடையனாவது போடுவானா? அதை மொத..." என்று தொடங்கிய பெரியப்பாவின் உளி சறுக்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை சறுக்கி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பளபளவென்றிருந்த குடத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு கீறல். அவர் கீறலைப் பார்க்கவில்லை, மூலையில் கிடந்த பழம்பாத்திரக் குவியலைப் பார்த்தார். அந்தக் காலத்து அண்டாக்களின் கழுத்தில் எடையை வெட்டியிருப்பார்கள், பழைய இலக்கத்தில். அதைப் படித்துத்தான் அவர் பழைய பாத்திரமே எடுப்பார். படிக்கத் தெரியாத ஆளில்லை அவர். பாட்டன் அந்த நாலு எழுத்தையும் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார், அவ்வளவுதான்.

பெரியப்பா எழுந்து வெளியே போனார். தெரு நடுவில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வான் ஹோர்ன் அடித்தது. நகரவில்லை. பிறகு உள்ளே வந்து, அந்தக் கீறலைக் கொடியாக வளைத்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் வெட்டினார். சாயங்காலம் வந்த பெண்வீட்டார் "அட, பூவேலை வேற செஞ்சிருக்கீங்களே!" என்று பூரித்துப்போனார்கள். பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கேட்டதைச் சொன்னதும், "இனி அவரு பாடு, பிள்ளையார் பாடு" என்றார் பெரியம்மா.

திங்கட்கிழமை லேனே கூடிவிட்டது. அதிகாரி வந்தார், கிளாக்கர் வந்தார். கட்டடச் சொந்தக்காரர் அனுப்பிய தரகர் ஒருவரும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சிரித்த முகமாக நின்றார். நானும் பெரியம்மாவும் மேலே மரப் பல்கனியில் நின்றோம். பெரியம்மாவின் கை என் தோளை நசுக்கியது.

பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தொண்டையைக் கனைத்தார். "மாத்தயா, அந்த நாலு எழுத்துல மூணு எங்க பாட்டனோட..."

நானா தன் வாசலில் நின்று அடுத்த சொல்லுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார். லேனுக்கே மனப்பாடமான வசனம் அல்லவா. பெரியப்பா நிறுத்தினார்.

"பாட்டனோட விலாசம்னு இத்தனை வருசமா நான் சொல்லிட்டு வந்தேன். தப்பு. அது எழுத்தே இல்ல."

"பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு!" என்று தரகர் கோப்பைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அவசரப்பட்டா அண்டாவுக்குள்ள கை போகாது" என்ற பெரியப்பா பல்கனியை நோக்கி முகத்தைத் தூக்கினார். "புள்ள, பெரியம்மா பாட்டுப் புத்தகத்தைக் கொண்டா."

நான் அந்த மரப்படியில் இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றும் தெரியாது. புத்தகத்தோடு அதிகாரி முன்னால் போய் நின்றேன். பெரியப்பா என் தலையில் கையை வைத்தார். "நீ கண்டுபுடிச்சதை நீயே காட்டு."

அவருக்கு எப்படித் தெரியும்! நான் கேட்ட அந்த ஒரு கேள்வியே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நான் பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்தேன்: கஅ. எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன்: எஉ. கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"ஒண்டு, எட்டு, ஏழு, ரெண்டு! ஐயோ கடவுளே, வியாழக்கிழமை முழுக்க நான் இதுக்குக் கீழதானே நிண்டனான்!"

அதிகாரி அவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஒரு விரலைப் பதினெட்டாம் பக்கத்திலும் இன்னொரு விரலை எழுபத்திரண்டாம் பக்கத்திலும் வைத்துக்கொண்டு, கல்லோடு ஒவ்வொரு வடிவமாக ஒத்துப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரிந்த நாங்கள் எல்லோரும் அதை எழுத்தாகவே படித்து ஏமாந்தோம். தமிழே தெரியாத அந்த மனிதர்தான் ஒரே பார்வையில் அது அதுவேதான் என்று கண்டுகொண்டார். "ஹரி! ஹரி ஷோக்!" என்று, சரி, பிரமாதம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, வாய் நிறையச் சிரித்து, பெரிய புத்தகத்தில் எழுதி, கோடும் போட்டார். நூறு வருஷம் எப்போதோ தாண்டிவிட்டதாம். சொந்தக்காரரின் தகப்பன் காலம் அல்ல, தாத்தாவே தவழ்ந்திருப்பாரோ என்னவோ என்று கிளாக்கர் தரகரிடம் மெதுவாகச் சொன்னார். தரகரின் கோப்பு தானாக மூடிக்கொண்டது.

அதன் பிறகு லேனில் எழுந்த சத்தத்தை நான் என்னவென்று எழுத! யாரோ ஓர் அண்டாவை எடுத்துத் தட்டினார்கள். அடுத்தவர் குடத்தை எடுத்தார். பித்தளைக்கடைக்கு முன்னால் சந்தோஷம் வந்தால் மேளத்துக்கு ஆள் அனுப்பவேண்டியதில்லை. நானா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே செல்லலியா, எவன் கண்டான்னு! இப்ப கண்டாச்சு. அது சரி, கடைப் போர்டை என்ன செய்யப் போறீங்க?"

"போர்டு அங்கயே இருக்கட்டும். ஆயிரத்தி எண்ணூத்தி எழுவத்திரெண்டாம் லேனுக்குப் போன்னு சொன்னா ஓட்டோக்காரன் ஓடிருவான்" என்றார் பெரியப்பா. லேன் சிரித்தது. அவரும் சிரித்தார்.

எனக்கு மட்டும் அழுகையாக வந்தது. இத்தனை பேர் முன்னால் பெரியப்பாவுக்குப் பாட்டன் இல்லாமல் போய்விட்டாரே, அதுவும் என்னால் போனாரே என்று நினைத்துக்கொண்டேன். தோற்ற ஆள் ஏன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் போகும் நேரத்தில் அவர் கிளாக்கரை ஓரமாக அழைத்தார். "ஐயா, அந்த வருசத்தை ஒரு கடுதாசியில, தமிழ்லயும் எழுதி, முத்திரை குத்தித் தருவீங்களா?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்து நான் கேட்டதில்லை. "ஓம், அதுக்கென்ன" என்றார் கிளாக்கர். இடிக்கமாட்டோம் என்று சொன்ன பிறகு இன்னொரு கடுதாசி எதற்கு? அந்தத் தகரப்பெட்டியையும், மூதாதையர் வந்த ஆண்டு என்ற கேள்விக்கு நேரே போட்டிருந்த அந்த நேர்க்கோடுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் பல வருஷம் தேவைப்பட்டது. ஒரு பாட்டனைக் கொடுத்துவிட்டு, அந்த வருஷத்தில் தமிழ் இலக்கம் தெரிந்து உளி பிடித்த கையையும், அதைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிய அத்தனை பேரையும் அவர் பாட்டனாக வாங்கிக்கொண்டார் என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்!

கூட்டம் கலைந்ததும் பெரியப்பா உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைகூட இல்லை, திங்கட்கிழமை. "சந்தனம் எங்க?" என்றார். பெரியம்மா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக, தெரு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா ஏறினார். பழைய பொட்டைத் தோள்துண்டால் துடைத்தார். பிறகு கடைசி எழுத்தில் தொடங்காமல் முதலில் இருந்து தொடங்கி, ஒன்றுக்கு, எட்டுக்கு, ஏழுக்கு, இரண்டுக்கு என்று நாலுக்கும் பொட்டு வைத்தார்.